மூலைக்கு மூலை

1

இந்தக் கதைக்கு வித்திட்டது ஒரு மஞ்சள் முக்கோணம். தடித்த அட்டையில் வெட்டியது. பல கைகள் பட்டு முனைகள் மழுங்கிப் போயிருந்தன. பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண் அதை என் அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்து, "இது என்னம்மா?" என்று கேட்டார். அக்கா அதைப் பார்த்தாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது. பிறகு சொன்னாள்:

"மூணு பேரு. கை கோத்துக்கிட்டு நிக்கறாங்க. அசைக்க முடியாது."

அந்தப் பெண் தன் மடியிலிருந்த தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். நான் என் பையைத் துழாவிப் பேனாவைத் தேடினேன். உடம்பு சரியில்லாத அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். கதை எழுதுகிறவர்களின் புத்தி அப்படித்தான், அதை ஒளித்து என்ன பிரயோசனம்?

ஆனால் ஒன்று. இது நன்றி சொல்வதற்காக எழுதுகிற கதை. யாருக்கு நன்றி என்று இப்போதே சொல்லிவிட்டால் வாழ்த்து மடல் போல ஆகிவிடும் என்பதால் போகிற போக்கில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அவளுடைய உலகிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாக, காற்றில் உதிரும் இலைகளைப் போல—"

வேண்டாம். வாசலில் இலை உதிர்ந்தால் துடைப்பத்தை எடுப்பவள் அக்காதான். இந்த வரியைப் படித்தால் "கூட்டறது யாரு?" என்று கேட்பாள்.

இரண்டாவது:

"கண்ணாடிக் கடையின் வாசலில் நின்று பார்த்தால் உலகம் முழுவதும்—"

இது எங்கே போகிறது என்று எனக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டுவைக்கிறேன். யாருக்காவது உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தடவை, விஷயத்தை விஷயமாகவே சொல்லிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அக்காவும் அத்தானும் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு, மேசைக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க என்று கேட்கிற அளவில் வெட்டிக் கொடுப்பார்கள். அத்தான் வெட்டுவார். கம்பளம் விரித்த பெரிய மேசையில் கண்ணாடியைப் படுக்க வைத்து, கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, மரச்சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பாக இழுப்பார். எறும்பு ஊர்ந்த மாதிரி மெல்லிய கீறல்தான் விழும். பிறகு ஓரத்தைப் பிடித்து ஒரு சுண்டு. கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகும்.

அக்கா வாசலை ஒட்டிய மேசையில் தொலைபேசியோடு உட்கார்ந்து ஆர்டர் எடுப்பாள். எடுப்பாள் என்பதை எடுத்தாள் என்று மாற்ற வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வேளையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் கால் தேறியது, கை தேறியது. எண்கள் போகவில்லை. கோபம் போகவில்லை. நடந்ததெல்லாம் நினைவிருக்கிறது. பெயர்கள் மட்டும் போய்விட்டன. எதையாவது காட்டிப் பெயர் கேட்டால் வராது. தொண்டைவரை வரும், அங்கேயே நின்றுவிடும். குளிர்சாதனப் பெட்டியை "திறந்தா விளக்கு எரியுமே, அது" என்பாள். அத்தானை "வெட்டறவர்" என்பாள். என்னை "எழுதி எழுதி அடிக்கறவ" என்பாள்.*

* இதனால்தான் இந்தக் கதையில் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. முதல் பிரதியில் வைத்துப் பார்த்தேன். பசியோடு இருப்பவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான். "நான் போகணும். அங்க. மணி அடிக்கும்ல, அங்க." கடையில் தொலைபேசிக்கு முன்னால் இருக்கிற அந்த இடம். அது திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் இந்தக் கதை. மற்றதெல்லாம் நான் பக்கத்தை நிரப்ப அடிக்கிற அரட்டை.

3

வடிவ அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேச்சு டீச்சர் (நாங்கள் வைத்த பெயர்தான்) காய்கறிப் படம், பறவைப் படம் எல்லாம் வைத்திருந்தார். அவற்றுக்கு அக்கா வாயே திறக்கவில்லை. "என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டார். கண்ணாடிக் கடை என்றேன். மறுமுறை வரும்போது அட்டையில் வடிவங்களை வெட்டிக்கொண்டு வந்தார். தன் வீட்டில் உட்கார்ந்து, தன் பிள்ளைகளின் கலர் அட்டையில். அதற்காகவே அவருக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா பேசினாள். பெயரைத் தவிர எல்லாவற்றையும் பேசினாள்.

நீல அட்டை:

"இவனுக்கு மூலையே கிடையாது. நடுவுல ஒருத்தர் இருக்கார். அவருக்கு எல்லாரும் ஒரே தூரம். ஓரவஞ்சனை இல்லாதவர்."

சிவப்பு அட்டை:

"நாலு பேரும் ஒரே உயரம். விறைப்பா நிக்கறாங்க."

பேச்சு டீச்சர் குறும்பாக அதே அட்டையை முனையில் நிற்கும்படி திருப்பிப் பிடித்தார். "இப்போ?" அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏமாத்தாதீங்க. அதே ஆளுதான்."

பச்சை அட்டை:

"இவங்களும் நாலு பேரு. ஒரே உயரம். ஆனா சாஞ்சு நிக்கறாங்க. வேலைக்குப் போக இஷ்டமில்லாத மாதிரி."

இதைப் படித்துக்கொண்டு வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மனசுக்குள் வட்டம் என்றீர்கள். சதுரம் என்றீர்கள். பச்சைக்குக் கொஞ்சம் யோசித்து, பள்ளிக்கூட ஞாபகத்தைத் தட்டி எழுப்பி, சாய்சதுரம் என்றீர்கள். அக்காவால் முடியாததை அவளுக்காக நீங்கள் செய்தீர்கள். யாரும் கேட்காமலே. மிக்க நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நம் பாடப்புத்தகங்களில் "வட்டத்தின் பண்புகள்", "செவ்வகத்தின் பண்புகள்" என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். பண்பு! பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பிள்ளைக்குச் சொல்கிற அதே சொல். சின்ன வயதில் அதைப் படித்தபோது செவ்வகம் யாரிடமோ மரியாதையாக நடந்துகொள்கிறது என்றுதான் நினைத்தேன். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாம், எல்லாக் கோணமும் செங்கோணமாம், நல்ல குடும்பத்துப் பிள்ளை போல. அக்கா பேசக் கேட்ட பிறகு, நான் நினைத்தது அவ்வளவு தப்பில்லை என்று தோன்றுகிறது. அவளிடம் பெயர் போய்விட்டது. பண்பு அப்படியே இருக்கிறது. வடிவங்களுடைய பண்பும், அவளுடைய பண்பும்.

(முந்தின வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். கொஞ்சம் இனிப்பு அதிகம். இருந்துவிட்டுப் போகட்டும்.)

பச்சை அட்டைக்குப் பிறகு பேச்சு டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "பேரு வரலைன்னாலும் இதெல்லாம் பதில்தாம்மா," என்றார். அன்றிலிருந்து பெருக்கல் குறி போடுவதை விட்டுவிட்டார். போகும்போது வாசலில் அத்தானைப் பிடித்தார்.

"கடைக்குக் கூட்டிட்டுப் போங்க சார். நாலு பேரோட பேசினாத்தான் பேச்சு வரும். வீட்டுல சுவரோட எவ்ளோ பேச முடியும்?"

"பாக்கலாம்," என்றார் அத்தான். அவர் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

4

அத்தானைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனிதரைப் பற்றி இல்லை, பாத்திரத்தைப் பற்றி.

முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன். எழுத வசதியாக இருந்தது. மனைவியை மூலையில் உட்கார வைக்கிற கணவன், அடங்கிப் போகாத மனைவி, கடைசியில் அவர் தலை குனிகிறார், வாசகர்கள் கைதட்டுகிறார்கள். எழுதி முடித்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் அடுப்படியில் நின்று, அக்காவின் சோற்றைக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தார். விழுங்கச் சிரமப்பட்ட நாட்களில் தொடங்கிய பழக்கம். இப்போது அவசியமே இல்லை. அக்காவும் தடுக்கவில்லை. அவருக்குக் கை சும்மா இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிரதியைக் கிழித்தேன்.

அன்றைக்கே அவரிடம் நேராகக் கேட்டேன்.

"ஏன் அத்தான் கடைக்கு வேணாங்கறீங்க? அவதான் நல்லா நடக்கறாளே."

"நடக்கறது பிரச்சினை இல்லம்மா." கரண்டியைக் கழுவினார். "போன் அடிக்கும். எடுத்ததும் எவனா இருந்தாலும் முதல்ல என்ன கேப்பான்?"

"என்ன கேப்பான்?"

"யாரு பேசறதுன்னு கேப்பான். அவ பேரே அவளுக்கு வரல. அந்தப் பக்கம் இருக்கறவன் சிரிச்சான்னு வை. இல்ல, 'பக்கத்துல வேற யாராவது இருந்தா குடும்மா'ன்னு சொன்னான்னு வை. அவ முகம் எப்படிப் போகும்? நான் பாக்கணுமா அத?"

குழாயை மூடாமலே நின்றார். நான்தான் மூடினேன்.

அக்காவின் பெயர் அக்காவுக்கு வரவில்லை என்பதை நானும் கேட்டிருந்தேன். பேச்சு டீச்சர் கண்ணாடியைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்ட நாளில், வேறெந்த அட்டைக்கும் அழாத அக்கா அழுதாள். அதை விவரமாக எழுத மாட்டேன். எழுதத் தெரியும். எழுத மாட்டேன்.

ஆக, இந்தக் கதையில் வில்லன் இல்லை. ஒருத்திக்கு ஓர் இடம் வேண்டும். இன்னொருவருக்கு அவள் முகம் வாடக் கூடாது. இரண்டு பேரும் சரி. வாசகர்கள் யார் பக்கம் சேருவது என்று தவிக்கிற நிலைமை, எனக்கு இது பிடித்திருக்கிறது.

கடைசியில் அத்தான் பாதி இறங்கி வந்தார். பிற்பகலில் கடைக்கு வரலாம். பின்னால், ஓரம் தேய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்காரலாம். தொலைபேசிப் பக்கம் போகக் கூடாது.

"பொம்மையா நான்?" என்றாள் அக்கா. அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. வேண்டாதபோது வரும்.

5

கொஞ்சம் வேலை வெட்டி இல்லாத பேச்சு.

தமிழில் வடிவ கணிதம் படிப்பது வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி. வட்டத்தின் நடுவே குறுக்காகப் போகிற கோடு விட்டம். வீட்டுக் கூரையைத் தாங்குகிற மரமும் விட்டம். அதில் பாதி ஆரம், அது கழுத்திலும் கிடக்கும். வட்டத்தின் எல்லை பரிதி, அது காலையில் கிழக்கே உதிக்கும். வேலையில்லாதவனை "விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்" என்று திட்டுவார்கள். என் தொழிலே அதுதான் என்பதால் எனக்குக் கோபம் வராது.

இதை ஏன் இங்கே எழுதினேன்? அடுத்த பகுதியைத் தொடங்கப் பயம். அங்கே ஒரு சம்பவம் நடக்க வேண்டும். சம்பவம் எழுதுவது எனக்குக் கை வராத வேலை. இந்தப் பகுதி வேண்டாம் என்பவர்கள் கிழித்துவிடலாம்.

6

எதிர்ச்சாரியில் ரொட்டிக் கடை. நானும் கடையில் இருந்த ஒரு பிற்பகல், அதன் முதலாளி மாவு படிந்த முழங்கையோடு ஓடி வந்தார்.

(இந்த இடத்தில் ஒரு பிரதியில் நான் ஒரு கணிதப் பேராசிரியரை வரவழைத்தேன். அவர் அளவைத் தப்பாகச் சொல்ல, பேச வராத அக்கா திருத்த, அவர் வெட்கிப்போக. எவ்வளவு மலிவான ஆசை! பேராசிரியரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வந்தவர் ரொட்டிக் கடைக்காரர்தான்.)

தட்டு இடித்து அவருடைய கண்ணாடி அலமாரியின் கதவு உடைந்துவிட்டது. ஈ மொய்ப்பதற்குள் கண்ணாடி வேண்டும். அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மேல், கீழ், இடது, வலது.

"நாலு பக்கமும் அளந்துட்டேண்ணே. மேலயும் கீழயும் ஒண்ணு. ரெண்டு சைடும் ஒண்ணு."

"செவ்வகம்தானே?" என்றார் அத்தான்.

"கதவுண்ணே. கதவு வேற எப்படி இருக்கும்?"

நியாயமான கேள்வி. அத்தான் கண்ணாடியை மேசையில் படுக்க வைத்தார். மரச்சட்டத்தை வைத்தார். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டார்.

"இருங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"தண்ணி வேணுமாம்மா?"

"தண்ணி இல்ல. அவரைக் கேளுங்க." அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். "இங்கேருந்து அங்க. அப்புறம் அங்கேருந்து இங்க. குறுக்க. அத... அத கேளுங்க."

காற்றில் விரலால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டாள். ரொட்டிக் கடைக்காரர் அத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா என்ன சொல்றாங்க?"

எனக்குத் தெரியும். மூலைவிட்டம். அந்தச் சொல் என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இரு," என்றாள் அக்கா. தங்குதடை இல்லாமல், மழைக்காலத்துக்கு முந்தின அக்காவாக. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அவளிடம் வாங்கிய திட்டுகளில் இதற்குத்தான் நன்றி சொல்கிறேன்.

"அவ களைச்சிட்டா," என்றார் அத்தான் மெதுவாக. "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்."

அவள் உட்காரவில்லை. மேசைக்கு வந்தாள். இரண்டு கைகளின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சட்டம் மாதிரி பிடித்தாள். அதன் வழியே ரொட்டிக் கடைக்காரரைப் பார்த்தாள். "இது உங்களோடது. இப்படியும் நிக்கும்." பிறகு கைகளைக் கொஞ்சம் நகர்த்தினாள். சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விரல்களின் நீளம் அப்படியேதான் இருந்தது. "இப்படியும் நிக்கும். நாலும் அதே நாலுதான். ஆளு வேற."

ரொட்டிக் கடைக்காரர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அதனால... மூலைக்கு..." கண்களை இறுக மூடிக்கொண்டாள். அத்தான் தன்னையறியாமல் உதட்டை அசைத்து அவளோடு சேர்ந்து தேடினார். "மூலைக்கு மூலை. ரெண்டு தடவை. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க."

கதையை நிறுத்தி ஒரு சின்ன விளக்கம். மூன்று குச்சிகளை முனைக்கு முனை கட்டிப் பாருங்கள். ஒரே ஒரு முக்கோணம்தான் வரும், எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சிகளைக் கட்டினால் அப்படி இல்லை. ஒரு பக்கமாகத் தள்ளினால் சாயும். செவ்வகமாக நின்றது இணைகரமாகிவிடும். பக்கங்களை மட்டும் அளந்தவருக்கு எதுவும் மாறியிருக்காது. குறுக்கே அளந்தால்தான் குட்டு வெளிப்படும். செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் சமம். சாய்ந்துபோனதில் ஒன்று நீண்டு மற்றது குறுகிவிடும்.

ரொட்டிக் கடைக்காரர் தெருவைக் கடந்து போனார். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் இடமில்லாமல் மணிக்கட்டில் எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றாக இல்லை. ஒரு கட்டை விரல் அகலம் வித்தியாசம்.

"அலமாரி சாஞ்சு நிக்குதுண்ணே! தினம் துடைக்கறேன், எனக்கே தெரியல." அக்காவைப் பார்த்துக் கும்பிட வந்தவர், கை முழுக்க எண்கள் இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அக்கா, நல்ல நேரத்துல கேட்டீங்க. இல்லன்னா இவரு வெட்டி, நான் தூக்கிட்டுப் போயி, மாட்டப் பாத்து, திரும்பத் தூக்கிட்டு வந்து..."

அத்தான் கட்டரைக் கீழே வைத்தார். கண்ணாடியில் ஒரு கீறலும் விழுந்திருக்கவில்லை.

"நான் கேட்டிருக்கணும்," என்றார். "எப்பவும் கேப்பேன். செவ்வகம்னு வாயில வந்துச்சு, அதோட விட்டுட்டேன்."

இந்த வரியைப் பிடித்துக்கொண்டு பெயர்களைப் பற்றி நீளமாக ஒரு தத்துவம் எழுதினேன். பெயர் தெரிந்துவிட்டால் கேள்வி நின்றுவிடுகிறது, பெயர் தெரியாதவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், என்று. எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படின்னா நான் இப்படியே இருக்கணுமா?" என்றாள். தத்துவம் சொல்கிறவர்களுக்கு ஒரு வசதி, பெயர் அவர்களிடம் இருக்கிறது. அதை அடித்துவிட்டேன்.

7

அத்தான் புது அளவில் வெட்டினார். சாய்ந்த கதவுக்குச் சாய்ந்த கண்ணாடி. ரொட்டிக் கடைக்காரர் அதைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கையை உயர்த்திக் காட்டினார். பொருந்திவிட்டது.

அக்காவுக்குக் கால் வலித்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது தொலைபேசிக்கு முன்னால் இருக்கிற நாற்காலி.

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் மேசைமேல் கிடந்த கண்ணாடித் துணுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு முறை பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினார். எழுந்திருக்கச் சொல்லவில்லை.

நல்லவேளையாக அன்று மாலைவரை தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கும் நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை, கண்ணாடி தேவைப்படாத அத்தனை பேருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது. கண்ணாடி பொருந்தியதும் அக்கா எழுந்து நின்று "இணைகரம்!" என்று கூவுகிறாள். அதைத் தொடர்ந்து செவ்வகம், சதுரம், முக்கோணம், வட்டம், கடைசியில் தன் பெயர். எல்லாப் பெயர்களும் மடை திறந்த மாதிரி வருகின்றன. இதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, "பொய்," என்றாள். பேச்சு டீச்சரும் அதைத்தான் சொல்கிறார். சில பெயர்கள் வரும், சில வராது, எது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. நேற்று "சீப்பு" வந்தது. இன்று காலை போய்விட்டது.

இரண்டாவது, அடுத்த மழைக்காலம், இன்னொரு முறை... இலக்கியத்தில் இப்படி முடிப்பதற்கு மரியாதை அதிகம். பாதி எழுதினேன். எழுதினால் நடந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். என்னைக் கோழை என்று சொல்லுங்கள், பரவாயில்லை. என் அக்கா உயிரோடு, நான் இதை எழுதுகிற அவள் வீட்டில், பக்கத்து அறையில், பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். உருண்டையாக இருக்கிறதே என்று ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பார்க்கிறாள். சாக இருந்தவள் கிடைத்திருக்கிறாள். நான் எதற்குக் குறை சொல்லிக் கதை முடிக்க வேண்டும்?

மூன்றாவது, நான் கண்ணால் பார்த்தது. அதில் ஒரு இடம் காலியாக இருக்கிறது.

ரொட்டிக் கடைக்காரர் வந்துபோன மறுநாள் அத்தான் காலையிலேயே அக்காவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிற்பகல் அல்ல, காலையில். எதையும் பேசித் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. நானும் கூடப் போனேன். அக்கா நேராகப் போய்த் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மேசையைத் துடைத்தாள். பென்சிலைச் சீவினாள். என்னைப் பார்த்து, "நீ வெளில போ. நீ பாத்தா வராது," என்றாள். போனேன்.

நடைபாதையில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக் கதவு என்பதால் எல்லாம் தெரியும், எதுவும் கேட்காது.

தொலைபேசி அடித்தது அக்காவின் தோள் குலுங்கியதில் தெரிந்தது. அத்தான் மேசையிலிருந்து நிமிர்ந்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். கை நீண்டது. பிறகு அந்தக் கை வழியிலேயே நின்றது. ஒரு கணம் அங்கேயே தொங்கிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டது. எடுத்து வைத்த அடியைப் பின்வாங்கினார். அவரை வில்லனாக எழுதிய என் பேனாவை அந்த நடைபாதையிலேயே உடைத்துப் போடலாம் போலிருந்தது.

அக்கா எடுத்தாள். காதில் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா கண்களை மூடினாள். தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது. வாய் திறந்தது, மூடியது. அத்தான் திரும்பி நின்றுகொண்டார். பார்க்க முடியவில்லை போலும், முதுகு மட்டும் தெரிந்தது. நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா பேசினாள்.

"................................................"

எனக்குக் கேட்கவில்லை. பிறகும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அத்தானிடமும் கேட்கவில்லை. அந்தப் புள்ளிக் கோட்டை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன். அவள் பெயர் வந்தது என்று நினைத்தால் ஒரு பெயரை எழுதுங்கள், உங்களுக்குப் பிடித்த, அவளுக்குப் பொருந்துகிற ஒரு பெயர். வரவில்லை என்று நினைத்தால் அவள் எப்படிப்பட்டவள் என்று எழுதுங்கள். இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும்.

இரண்டில் எதை எழுதினாலும் தப்பாகாது. ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்தேன். அக்கா கண்ணைத் திறந்து, தலையை ஆட்டி, பென்சிலை எடுத்து அளவைக் குறிக்கத் தொடங்கினாள். அந்தப் பக்கம் இருந்தவருக்கு, பேசுவது யார் என்று தெரிந்துவிட்டிருந்தது.